பஸ்த்ரிகா செய்தால் விரல் மரத்துப்போவது ஏன்? மூச்சும் ரத்தத்தின் அமிலமும்

கேள்வி | ஜனவரி 6, 2024

ஒரு மாதமாக யோகா வகுப்புக்குப் போகிறேன். பஸ்த்ரிகா (வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பிராணாயாமம்) வேகமாகச் செய்யும்போது விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. தலையும் லேசாகச் சுற்றுகிறது. ஆக்சிஜன் ஏறுகிறது, ரத்தம் காரத்தன்மைக்கு மாறுகிறது, அமிலம் குறைந்தால் எந்த நோயும் அண்டாது என்கிறார் மாஸ்டர். ஆக்சிஜன் ஏறினால் தலை ஏன் சுற்ற வேண்டும்? ரத்தம் காரமாவது நிஜமா, கதையா?

ஜனவரி 7

காரமாவது நிஜம். ஆக்சிஜன் ஏறுகிறது என்பது தப்பு. அது நல்லது என்பது அதைவிடப் பெரிய தப்பு.

நான் டாக்டர் இல்லை. பதினாறு வருஷமாக ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸ். ஏ.பி.ஜி. (தமனி ரத்தத்தில் வாயுவும் அமிலமும் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை) எடுத்து எடுத்துக் கை காய்த்தவள். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உங்கள் ரத்தத்தின் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது. சீட்டெல்லாம் நிரம்பிய பஸ்ஸில் கண்டக்டர் "ஏறு ஏறு" என்று கத்தினால் எத்தனை பேர் ஏற முடியும்? வேகமாக மூச்சு விடும்போது மாறுவது உள்ளே வருவது இல்லை, வெளியே போவது. கார்பன் டை ஆக்சைடு.

அது வெறும் குப்பைக் காற்று இல்லை. ரத்தத்தில் கரைந்ததும் தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. கோலி சோடாவில் நாக்கைச் சுருக்கென்று பிடிப்பது இதே சரக்குதான். சிவப்பணுவுக்குள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றிவிடும். சோடாவைத் திறந்து வைத்தால் வாயு போய்ச் சுருக்கும் போய்விடுகிறது அல்லவா, வேகமாக ஊதித் தள்ளும்போது உங்கள் ரத்தத்துக்கும் அதுதான் நடக்கிறது.

தமனி ரத்தத்தின் பி.எச். (அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் எண், இறங்கினால் அமிலம், ஏறினால் காரம்) 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம், ஐந்து முன்னே பின்னே. ஊதி ஊதி அதை 20க்குக் கொண்டுவந்தால் பி.எச். 7.55 பக்கம் ஏறிவிடும். அங்கே போனதும் ரத்தத்தின் ஆல்புமின் புரதம் தன்னிடமிருந்த ஹைட்ரஜன் அயனியை (அமிலத்தை அமிலமாக்குவது இதுதான்) விட்டுவிட்டு, காலியான இடத்தில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. தனித்துத் திரியும் கால்சியம் குறைந்தால் நரம்புக்குப் பொறுமை போய்விடும், தொட்டதற்கெல்லாம் துள்ளும். அதுதான் உங்கள் எறும்பு. இன்னும் நீடித்தால் விரல்கள் குவிந்து, மணிக்கட்டு மடங்கிக் கோழிக்கால் மாதிரி இறுகிக்கொள்ளும். தலைசுற்றலுக்குக் காரணம் வேறு. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஆக மாஸ்டர் சொல்வதற்கு நேர் எதிர், அந்த நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்தமே குறைவு.

பயப்பட வேண்டாம். நிறுத்தினால் சில நிமிஷத்தில் சரியாகிவிடும். மெதுவாக இழுத்து மெதுவாக விடும் பிராணாயாமத்தில் இந்தக் கூத்து இல்லை.

(காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை என்று ஒருவருக்காவது சொல்லவேண்டி வரும். இப்போதே சொல்லிவிட்டேன்.)

ஜனவரி 7, இரவு

மரத்துப்போனால் ஒரு பேப்பர் பையை மூக்கு வாயை மூடிப் பிடித்து அதற்குள்ளேயே மூச்சு விடுங்கள். விட்ட காற்றையே திரும்ப இழுப்பதால் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடும்.

ஜனவரி 9

மேலே உள்ள பேப்பர் பை யோசனையை அழிக்கவில்லை, நான் எழுதியது என்பது தெரியட்டும். ஆனால் செய்யாதீர்கள். நர்சிங் படிக்கும்போது சொல்லிக்கொடுத்தது கை தானாக எழுதிவிட்டது. இப்போது அதை யாரும் சிபாரிசு செய்வதில்லை. பைக்குள் ஆக்சிஜனும் குறைந்துகொண்டே வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, மூச்சு வாங்குகிறவர் பதற்றத்தால்தான் வாங்குகிறார் என்று முடிவுகட்டிவிடுவது. மாரடைப்பில் வாங்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து வாங்கலாம். அவர் முகத்தில் பையைக் கட்டினால் என்ன ஆகும்?

இரவு ட்யூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் பதில் எழுதக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

ஜனவரி 17

மூச்சில் அமிலம் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதிப் பால்போல ஆக்கியது எல்லோருக்கும் பள்ளிக்கூட ஞாபகமாக இருக்கும். ஆனால் அது வாயுவைத்தான் காட்டும், அமிலத்தைக் காட்டாது.

பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்து வீட்டில் கிடந்தது. ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது? மஞ்சள் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். அப்படியானால் ஆரத்தியில் ஊதினால் திரும்ப மஞ்சளாக வேண்டுமே.

முதல் தடவை வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை ஒரு விரல் எடுத்துக் கரைத்துவிட்டேன். ஊதி ஊதிப் பார்த்தும் குங்குமம் மாதிரி அப்படியே இருந்தது. இரண்டாம் தடவை சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரில் ஒரே ஒரு ஸ்பூன் எடுத்து, அரை டம்ளர் மஞ்சள் தண்ணீரில் விட்டேன். இளஞ்சிவப்பு. ஸ்ட்ரா போட்டு ஊத ஊத முதலில் செங்கல் நிறம், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ரொம்ப நேரம் ஆகவில்லை. வேறு எதையும் சேர்க்கவில்லை, என் மூச்சு மட்டும்தான். உறிஞ்சிவிடாதீர்கள், வாய் வெந்துவிடும். குழந்தைகளிடம் ஸ்ட்ராவைக் கொடுக்கவே வேண்டாம்.

முதல் டம்ளரில் பிடிவாதமாக ஊதியபோது எனக்கு உதடு மரத்து, கண் இருட்டி, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டம்ளருக்குள் அமிலம் ஏறவில்லை, என்னிடமிருந்து மட்டும் இறங்கிவிட்டது.

ஜனவரி 21

"மூச்சை அடக்கினால் முட்டுவது ஆக்சிஜன் தீர்ந்துபோவதால்தானே?" இல்லை. பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால். ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் 1905லேயே இதைக் காட்டிவிட்டார்கள். சாதாரண நேரத்தில் மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆக்சிஜன் இல்லை, கார்பன் டை ஆக்சைடுதான். மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கும் உணரிகள் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தைச் சதா ருசிபார்த்துக்கொண்டே இருக்கின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு வேலி உண்டு, ரத்தத்தின் ஹைட்ரஜன் அயனி அதைச் சட்டென்று தாண்ட முடியாது. கார்பன் டை ஆக்சைடு தாண்டும். தாண்டி உள்ளே போய் அமிலமாகி மணியடிக்கும். கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் இன்னொரு காவல் இருக்கிறது. அது ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தால் கத்தும், ரத்தத்தில் அமிலம் ஏறினாலும் கத்தும்.

இந்த மணியை நாமே கழற்றிவைக்க முடியும் என்பதுதான் ஆபத்து. எங்கள் ஊர்க் கிணற்றில் முங்கு நீச்சல் போட்டி நடக்கும். அடியிலிருந்து கல் எடுத்து வர வேண்டும். என் அண்ணன் ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தான், குதிப்பதற்கு முன் முப்பது நாற்பது முறை வேகமாக மூச்சு விடுவான். நிஜமாகவே மற்றவர்களைவிட அதிக நேரம் உள்ளே இருந்தான். ஒருநாள் கல்லோடு பாதி தூரம் வந்தவன் அப்படியே திரும்பக் கீழே இறங்க ஆரம்பித்தான். விளையாடுகிறான் என்றுதான் நினைத்தோம். மோட்டார் ரூமில் இருந்த பெரியப்பா மகன் குதித்துத் தூக்கிவந்தான். முகம் நீலம் பாரித்திருந்தது. முட்டவே இல்லைடா, நல்லாத்தான் இருந்துச்சு என்று அண்ணன் பிறகு சொன்னான்.

நல்லாத்தான் இருந்திருக்கும். கார்பன் டை ஆக்சைடை முன்கூட்டியே காலிசெய்துவிட்டான். அது திரும்ப ஏறி மணியடிப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துவிட்டது. நீச்சல் தெரிந்தவர்களே இப்படிச் சாகிறார்கள். நாற்பது வருஷம் கழித்தும் அவன் அந்தக் கல்லைப் பற்றித்தான் பேசுகிறான், மேலே கொண்டுவர முடியவில்லை என்று.

பிப்ரவரி 3

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா போன் செய்தாள். பையனுக்கு இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுவலி, இன்று மூச்சு வாங்குகிறது. அப்போது அவனுக்குப் பதினொரு வயது. பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் வீசிங் என்று சொல்லி இரண்டு முறை நெபுலைசர் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போனிலேயே, சரி, வீசிங்தான், காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஐ.சி.யு.வில் எட்டு வருஷம் வேலை பார்த்திருந்த நான்.

ஏதோ உறுத்தி அரைமணி நேரத்தில் திரும்ப அழைத்தேன். போனை அவன் மூக்குகிட்ட வை அக்கா என்றேன். வீசிங் என்றால் விடும்போது இழுவைச் சத்தம் கேட்கும். இதில் சத்தமே இல்லை. ஆழமாக, சீராக, நிற்காமல், ஓட்டப்பந்தயம் முடித்தவன் மாதிரி ஒரு மூச்சு. படுத்திருக்கும் பிள்ளைக்கு. எண்ணினேன், நிமிஷத்துக்கு நாற்பது. ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்குப் போறான் என்று கேட்டேன். அத தான்டி சொல்ல மறந்துட்டேன், ஒரு மாசமா ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறான் என்றாள். எனக்குக் கை சில்லிட்டது.

சுகர் 500க்கு மேல். எங்கள் ஐ.சி.யு.விலேயே சேர்த்தோம். அவன் ஏ.பி.ஜி.யை நான்தான் எடுத்தேன். வேறு யாராவது எடுக்கட்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவன் "சித்தி நீயே குத்து" என்றான். மணிக்கட்டின் இரண்டு தமனியையும் அழுத்தி, உள்ளங்கை வெளுத்து, ஒன்றை விட்டதும் சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுக் குத்தினேன். ஹெப்பாரின் சிரிஞ்சில் ரத்தம் துடித்துத் துடித்துத் தானாக ஏறியது. மூச்சில் பழுத்த பழ வாடை.

சீட்டு வந்தது. பி.எச். 7.08. கார்பன் டை ஆக்சைடு 15. பைகார்பனேட் (ரத்தத்தில் அமிலத்தைத் தணிக்கும் காரப்பொருள்) 4.3.

இன்சுலின் இல்லாததால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலங்களைக் குவித்துவிட்டது. 24 இருக்க வேண்டிய பைகார்பனேட் அந்த அமிலத்தை ஏற்று ஏற்று 4.3 ஆகிவிட்டது. கீட்டோனை நுரையீரலால் ஊதித் தள்ள முடியாது, அசிட்டோன் கொஞ்சம் போகும், அதுதான் அந்தப் பழ வாடை. ஆனால் கார்பானிக் அமிலத்தைத் தள்ளித் தராசைக் கொஞ்சமாவது நிமிர்த்த முடியும். பிள்ளை அதைத்தான் இரவெல்லாம் செய்துகொண்டிருந்தான். ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874இல் நீரிழிவு மயக்கத்தில் கிடந்தவர்களிடம் பார்த்து எழுதியது இந்த மூச்சைத்தான். இன்றும் அவர் பெயரில் குஸ்மால் மூச்சு என்றே சொல்கிறோம்.

எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால், நுரையீரல் ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு வர வேண்டிய கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும், இரண்டு கூடக் குறைய. 4.3க்குக் கணக்கு 14.5. அவனிடம் இருந்தது 15. கடைசிப் புள்ளிவரை சரியாக ஊதிக்கொண்டிருந்திருக்கிறான். அதே பைகார்பனேட்டோடு எல்லோரையும் போல 40இல் மூச்சு விட்டிருந்தால் பி.எச். 6.7க்குக் கீழே போயிருக்கும். 6.8க்குக் கீழே உயிர் தங்குவது அபூர்வம்.

அன்று ட்யூட்டி டாக்டர், ரொம்ப மூச்சு வாங்குறான், டயர்ட் ஆயிடுவான், ட்யூப் போட்டுரலாமா என்று கேட்டார். நல்ல மனுஷர், புதுசு. சீனியர் போனிலேயே கத்திவிட்டார். தூங்கவைத்து வெண்டிலேட்டரில் நிமிஷத்துக்குப் பதினாலு என்று வைத்தால், அவன் நாற்பதில் சம்பாதித்ததை நாமே பிடுங்கிவிடுவோம். இன்சுலின், சலைன், பொட்டாசியம். மறுநாள் சாயங்காலம் மூச்சு 24க்கு வந்தது. தயிர்சாதம் கேட்டான். கொடுக்கவில்லை, திட்டினான்.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்த நெபுலைசர் வைத்த இடத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது நிஜம். ஆனால் போனில் நானும் அதையேதான் சொன்னேன். மூச்சு வாங்கினால் நெஞ்சில்தான் கோளாறு என்று எல்லோருக்கும் கண் அங்கேயே போய்விடுகிறது. அவன் நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. வேறு எங்கோ பற்றிய தீயை அணைத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று. 7.4க்கும் 7.08க்கும் என்ன பெரிய வித்தியாசம், முப்பது பைசாதானே என்று ஒருவர். பி.எச். லாகரிதம் கணக்கு. 1909இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில், ஆமாம் பீர் கம்பெனியுடையதுதான், சோரன்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. 7.4இல் ஒரு லிட்டரில் 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி. 7.1இல் 80. முப்பது பைசா இறங்கினால் அமிலம் இரண்டு மடங்கு.

பிப்ரவரி 11

குட்டிக் குட்டியாகச் சில.

கிட்னி சும்மாவா இருக்கிறது? இல்லை. ஆனால் அது அரசாங்க ஃபைல் வேகம். நுரையீரல் நிமிஷத்தில் சரிசெய்வதைக் கிட்னி நாள் கணக்கில் செய்யும், முழுதாக முடிக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அளவில் பார்த்தால் நுரையீரல் ஒரு நாளைக்கு 15,000 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது, கிட்னி தள்ளும் அமிலம் 70 பக்கம். இருந்தாலும் அந்த எழுபதை வேறு யாராலும் தள்ள முடியாது. அது வாயு ஆகாத அமிலம்.

ஆல்கலைன் வாட்டர்: வயிற்றில் பி.எச். 2 பக்கம் இருக்கும் அமிலக் குளத்தில் விழுகிறது. மிஞ்சியதை மூச்சும் மூத்திரமும் பார்த்துக்கொள்ளும். மூத்திரத்தில் காகிதம் நனைத்துக் காரமாகிவிட்டது என்று காட்டுகிறார்களே, அது ரத்தம் மாறவில்லை என்பதற்கான சாட்சி. மாறாமல் இருக்கத்தான் அதை வெளியே தள்ளியிருக்கிறது.

கர்ப்பிணிகளுக்குப் புரோஜெஸ்டிரான் காரணமாக மூச்சு கூடி, கார்பன் டை ஆக்சைடு 30 பக்கம் இருக்கும். கிட்னியும் பைகார்பனேட்டைக் குறைத்து ஈடுகட்டிவிடும். நோய் இல்லை. மாடிப்படி ஏறினால் வாங்குது என்று சொல்லும் மருமகளை நடிக்கிறாள் என்று சொல்லும் மாமியார்கள் கவனிக்க.

லடாக்கில் உயரத்தில் இருக்கும் லே நகருக்குப் போகிறவர்கள் விழுங்கும் அசெட்டசோலமைடு மாத்திரையும் இதே கதை. கிட்னியில் அந்த கார்பானிக் அன்ஹைட்ரேஸைப் பிடித்துவைத்து, பைகார்பனேட்டைச் சிறுநீரில் விடவைக்கும். ரத்தம் கொஞ்சம் புளிக்கும், மூச்சு கூடும், உயரத்தில் ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

பிப்ரவரி 25

"ஏ.பி.ஜி. இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?" நிறையப் பேர் செத்தார்கள்.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் குவிந்தார்கள். இரும்பு நுரையீரல் எந்திரம் ஒன்றே ஒன்று, மார்க்கவச வகை ஆறு. ஆகஸ்ட் கடைசிக்குள் மோசமான 31 பேரில் 27 பேர் போய்விட்டார்கள். அவர்கள் ரத்தத்தில் பைகார்பனேட் அதிகமாக இருந்தது. ரத்தம் காரமாகிவிட்டது, ஏனென்று புரியவில்லை என்று டாக்டர்கள் குழம்பினார்கள். பி.எச்.சையும் கார்பன் டை ஆக்சைடையும் தனித்தனியே பார்க்கும் வழக்கம் அன்றைக்கு வார்டில் இல்லை.

பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர்தான் தலைகீழாகச் சொன்னார். இது காரம் இல்லை, மூச்சு போதாமல் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது, உள்ளுக்குள் அமிலம், கையால் அமுக்கும் பையால் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுங்கள் என்று. ஆகஸ்ட் 27இல் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்தில் துளையிட்டு, பையை அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். பிழைத்தாள். அப்புறம் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து உட்கார்ந்து, மாதக்கணக்கில் கையால் பையை அமுக்கினார்கள். பத்தில் எட்டுக்கு மேல் என்றிருந்த சாவு பாதிக்கும் கீழே வந்தது. அங்கே ஆய்வகத்தில் இருந்த பவுல் ஆஸ்ட்ரப் தொடங்கிவைத்த அளவீட்டு வேலையிலிருந்து வளர்ந்ததுதான் நான் தினமும் சிரிஞ்சை நீட்டும் இந்த மிஷின்.

ஐ.சி.யு. என்ற ஏற்பாடே அந்த வார்டிலிருந்துதான் கிளம்பியது என்பார்கள். ஆம்பு பையை அமுக்கிக் கை வலிக்கும்போதெல்லாம் அந்த மாணவர்களை நினைத்துக்கொள்வேன். கொரோனா இரண்டாம் அலையில் ரொம்ப நினைத்தேன்.

மார்ச் 10

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். பஸ்த்ரிகாவை மெதுவாக்கினேன், எறும்பு வரவில்லை, ஆனால் மாஸ்டர் என் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டி 98 இருந்தது 99 ஆனதைக் காட்டி "பார்த்தீர்களா" என்கிறார் என்று.

அந்தக் கிளிப்புக்குக் கார்பன் டை ஆக்சைடு தெரியாது. என் அக்கா மகனுக்கும் அன்று இரவு 99தான் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அவனுக்கு இப்போது பத்தொன்பது. ஹாஸ்டலில் இருக்கிறான், இன்சுலினைத் தானே போட்டுக்கொள்கிறான். காய்ச்சல் வந்து ஊருக்கு வந்தால் குளுக்கோமீட்டர் தேடும் முன்னால் அக்கா சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவன் நெஞ்சைப் பார்ப்பாள், முழுசாக ஒரு நிமிஷம். போன வாரமும் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் செய்தி வந்தது. வேறு எதுவும் எழுதவில்லை. "18."